வெயிலில் வெளுக்காத பச்சை

“ஐயா, நம்ம புல்லு ஏன் நீலமா மாறுது?”

எங்கள் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியன் நான். மழை பெய்தால் சேறாகிவிடும் பள்ளி மூலை ஒன்றில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் வீடு வீடாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு செயற்கைப் புல் விரித்தோம். அதன் ஓரத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் இருக்கைகளையும் போட்டோம். எட்டாண்டுக் காலம் உழைக்கும் என்று விற்றவர் உறுதி கூறினார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் புல்லில் நீலம் பாய்ந்தது. இருக்கைகள் வெளிறின. அவற்றில் அமர்ந்து எழுந்த பிள்ளைகளின் காற்சட்டைகளில் வெண்மாவு ஒட்டிற்று. நடைபாதைக் கூரையின் நிழலில் இருந்த ஒரு முழ அகலப் புல் மட்டும் வாங்கிய நாளில் இருந்தது போலவே பச்சையாய் நின்றது.

“வெயில்தான் காரணம்” என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். மறுநாள் அவள் மீண்டும் வந்தாள். “அப்படின்னா பெரிய திடல்ல இருக்கிற உண்மையான புல்லு ஏன் ஐயா வெளுக்கல?” என்றாள். அதற்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அதன்பின் தேடிக் கற்றதை, என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகிறேன்.

சாயமும் நிறமியும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சாயம் வேறு, நிறமி வேறு. நீரிலோ பிற நீர்மத்திலோ கரைந்து, நூலின் உள்ளே ஊறி நிறம் ஏற்றுவது சாயம். எதிலும் கரையாமல், நுண்ணிய பொடியாகவே இருந்து, தான் கலந்த பொருளுக்கு நிறம் தருவது நிறமி. சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியே நிற்பதால் வெயிலும் காற்றும் அதனை எளிதில் தாக்குகின்றன. நிறமியிலோ எண்ணற்ற மூலக்கூறுகள் ஒரு மணிக்குள் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளியே இருப்பவை சிதைந்தாலும் உள்ளே இருப்பவை நிற்கும். ஒருவனின் குட்டு வெளிப்படும்போது “சாயம் வெளுத்துவிட்டது” என்று சொல்கிறோமேயன்றி, “நிறமி வெளுத்துவிட்டது” என்று சொல்வதில்லை. வழக்கிலுள்ள இச்சொல்லாட்சி வேதியியலுக்கும் பொருந்தியே வருகிறது.

சோழமண்டலக் கரையில் சாயவேரிலிருந்து சிவப்பு எடுத்துத் துணிகளுக்கு ஏற்றிய நம் முன்னோர் சாயத்தில் வல்லவராய் இருந்தனர். நிறமியிலும் அவர்கள் பின்தங்கியவர் அல்லர். சித்தன்னவாசல் குகைக்கோயிலில் 9ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட தாமரைக்குளம் இன்றும் காணக் கிடைக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியங்கள், பின்வந்த நாயக்கர்கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்து, 1931ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டன. காவிக்கல், சுண்ணம் முதலிய கனிமப் பொடிகளே அவற்றின் நிறங்கள். ஆயின் ஒன்றை மறத்தலாகாது. அவை குகையின் நிழலிலும் கருவறைச் சுற்றின் இருளிலும் இருந்தவை. விளையாட்டுத் திடலின் நிறமிக்கு அத்தகைய நிழல் இல்லை. திறந்த வானத்தின் கீழ் அது நின்று காட்டவேண்டும்.

திடலில் பிளாஸ்டிக் புகுந்த கதை

செயற்கைப் புல் உலகப் புகழ் பெற்றதே உண்மைப் புல் சாகப்போய்த்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965ஆம் ஆண்டு ஆஸ்ட்ரோடோம் என்னும் கூரையிட்ட அரங்கம் திறக்கப்பட்டது. ஒளி புகும் கூரையின் கூச்சத்தால் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்கு வண்ணம் பூசினார்கள். பந்து தெரிந்தது, ஆனால் ஒளியின்றிப் புல் பட்டுப்போயிற்று. 1966இல் நைலான் இழைகளாலான புல்லை அங்கு விரித்தார்கள்.

நம் கோலாலம்பூருக்கும் இக்கதையில் பங்குண்டு. 1975ஆம் ஆண்டு உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி இங்கு இயற்கைப் புல்லில் நடைபெற்றது. மழை விடவில்லை. ஸ்டேடியம் மெர்டேக்காவின் திடலை உலர்த்த ஹெலிகாப்டரைக்கூடப் பறக்கவிட்டார்கள். மலேசியாவும் இந்தியாவும் மோதிய அரையிறுதி ஆட்டம் வேறு திடலுக்கு மாற்றப்பட்டது. அதில் நாம் 3-2 என்னும் கோல் கணக்கில் தோற்றோம். தோட்டத்துக் கடையின் வானொலியைச் சுற்றி நின்று அதனைக் கேட்டதை என் தந்தையார் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டே, 1976இல், மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. நியூசிலாந்து தங்கம் வென்றது. உலக வாகையர் என்னும் பெருமையோடு சென்ற இந்தியா ஏழாம் இடத்திற்கு இறங்கிற்று. 2002ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தபோது, புக்கிட் ஜாலிலில் செயற்கைத் திடலே அதனை வரவேற்றது.

2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் திடலின் பச்சையும் போயிற்று. நீலத் தரையும், அதைச் சுற்றி இளஞ்சிவப்பு ஓரமும், மஞ்சள் பந்துமாக ஆட்டம் நடந்தது. நீலத்தின்மேல் மஞ்சள் எடுப்பாகத் தெரியும் என்பதே காரணம். இவ்வாறு நிறம் என்பது அழகுக்கு மட்டுமன்றி ஆட்டத்திற்கே இன்றியமையாததாயிற்று. நிறம் மங்கினால் பந்து கண்ணுக்குத் தப்பும்.

வெயில் செய்யும் வேலை

வெயிலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வெப்பமும் மட்டுமன்றிப் புறஊதாக் கதிரும் உண்டு. தரையை வந்தடையும் கதிரவன் ஆற்றலில் இதன் பங்கு நூற்றுக்கு ஐந்து அளவேயாயினும், கேடு செய்வதில் இதுவே தலைமையானது. ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதன் வலிமை கூடும். பிளாஸ்டிக்கின் முதுகெலும்பாய் இருப்பது கரியணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்த நெடுஞ்சங்கிலி. அக்கைப்பிடியை விடுவிக்க ஏறத்தாழ 346 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரின் வலிமை போதும். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடி கூறாக்கியதில் ஒரு கூறு. தரைக்கு வரும் புறஊதாக் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 290 முதல் 400 நானோமீட்டர் வரை. ஆகவே சங்கிலியை அறுக்கும் வலிமை வெயிலில் இருக்கவே செய்கிறது.

புல்லிழை செய்யப் பயன்படும் பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும் தூய்மையாய் இருப்பின் இக்கதிரை ஏற்கமாட்டா. ஆனால் ஆலையில் அவற்றைச் செய்து, உருக்கி, இழுக்கும்போது தங்கிவிடும் சிறு மாசுகள் அதனை ஏற்கின்றன. அங்கே ஓர் இணைப்பு அறுபடுகிறது. அறுந்த முனை காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து பக்கத்துச் சங்கிலியைத் தாக்குகிறது. அதுவும் அறுந்து அடுத்ததைத் தாக்குகிறது. காய்ந்த லாலான் காட்டில் தீ பரவுவது போன்றது இது. வெப்பம் இதனை விரைவாக்கும். மழைநீர் சிதைந்த பகுதியைக் கழுவி அகற்றி, அடியிலுள்ள புதிய பரப்பை வெயிலுக்குக் காட்டும். நிலநடுக்கோட்டிற்கு 3 பாகை வடக்கே அமைந்த நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் நெடுங்குளிர்காலம் என்று ஓய்வு கிடையாது. ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறி மாறி இவ்வேலையைச் செய்கின்றன. குளிர்நாட்டில் எட்டாண்டு தாங்கும் பொருள் இங்கும் எட்டாண்டு தாங்கும் என்று எதிர்பார்த்தல் தவறு.

புல்லின் பச்சையும் ஆலையின் பச்சையும்

இனி அம்மாணவியின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். உண்மைப் புல்லுக்குப் பச்சை தருவது பச்சையம். அது வெயிலுக்கு அஞ்சாத பொருளா? இல்லவே இல்லை. இலைகளைச் சாராயத் திரவத்தில் கசக்கி, வடித்த பச்சை நீரைக் கண்ணாடிக் குப்பியில் வெயிலில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் பச்சை மறைந்து பழுப்பு மஞ்சள் தோன்றும். வகுப்பில் இதனைச் செய்துகாட்டலாம். அவ்வாறாயின் புல் வெளுக்காதது ஏன்? அது உயிருள்ளது. சிதைந்த பச்சையத்திற்கு ஈடாகப் புதிய பச்சையத்தை நாள்தோறும் செய்துகொள்கிறது. பிளாஸ்டிக் இழைக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆலையில் பிறந்த நாளில் ஊட்டிய நிறத்தை வைத்துக்கொண்டே தன் ஆயுளை அது கழிக்கவேண்டும்.

ஆகவே செயற்கைப் புல்லுக்கு வேண்டியது பச்சையத்தைவிட உறுதியான பச்சை. அத்தகைய நிறமி ஒன்று தற்செயலாகவே அகப்பட்டது. 1928ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் கிரேஞ்சுமவுத் ஊரிலிருந்த சாய ஆலையில், வெண்மையான வேதிப்பொருள் ஒன்றைச் செய்யும்போது அதில் நீலப் பச்சை நிறக் கசடு தோன்றியது. கொதிகலத்தின் பீங்கான் பூச்சு விரிசல் கண்டு, உள்ளிருந்த இரும்பு கலவையோடு சேர்ந்ததே காரணம் என்று கண்டார்கள். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் லின்ஸ்டெட் என்னும் அறிஞர் இதன் அமைப்பை ஆராய்ந்து வெளியிட்டார். தாலோசயனின் என்று பெயர் வழங்கிற்று. இரும்புக்குப் பதிலாகச் செம்பை நடுவே வைத்தபோது கிடைத்த ஒளிமிக்க நீலம் 1935இல் விற்பனைக்கு வந்தது. அந்நீலத்தில் குளோரின் அணுக்களை ஏற்றினால் அது பச்சையாகிறது.

இதிலுள்ள வியப்பு யாதெனின், பச்சையத்தின் அமைப்பும் இதன் அமைப்பும் உறவுடையவை. இரண்டிலும் ஒரு வளையம் உண்டு. வளையத்தின் நடுவே ஓர் உலோக அணு வீற்றிருக்கும். பச்சையத்தில் அது மக்னீசியம். ஆலைப் பச்சையில் அது செம்பு. ரப்பர்த் தொழில் அறிந்தவர்கள் ஒன்றை எண்ணுவர். செம்பு ரப்பருக்குப் பகையாயிற்றே, சிறிதளவு கலந்தாலும் அது ரப்பரை விரைவில் கெடுக்குமே என்பர். உண்மைதான். கட்டற்ற செம்பு பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். ஆனால் இவ்வளையம் செம்பை இறுகப் பற்றிக்கொண்டு வெளியே விடுவதில்லை. அந்த இறுக்கமே இந்நிறமியின் நெடுவாழ்வுக்கும் காரணம்.

நீலம் ஏன் எஞ்சியது?

இப்போது எங்கள் பள்ளிப் புல்லின் புதிர் ஒருவாறு அவிழ்கிறது. புல்லின் இளம்பச்சையைப் பெற, நீலத்தோடு மஞ்சளைக் கலப்பது வழக்கம். நீலம் தாலோசயனினாய் இருந்து, மஞ்சள் மலிவான கரிம நிறமியாய் இருந்தால், வெயில் மஞ்சளை முதலில் அழிக்கும். நீலம் மட்டும் எஞ்சும். எங்கள் புல்லுக்கு இதுவே நேர்ந்திருக்கவேண்டும் என்று கருதுகிறேன். ஒரு கலவையின் ஆயுள் அதன் நலிந்த பங்காளியின் ஆயுளே.

முன்னாளில் இம்மஞ்சளுக்குக் காரீயக் குரோமேட்டைப் பயன்படுத்தினார்கள். நிறம் எடுப்பானது, விலை குறைவு. ஆனால் காரீயம் நஞ்சு. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பழைய நைலான் திடல்கள் சிலவற்றில் காரீயம் கண்டறியப்பட்டு அவை மூடப்பட்டன. அவ்வாண்டே அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தான் சோதித்த திடல்களால் குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் அளவு இல்லை என்று கூறியது. எனினும், இனிச் செய்யும் திடல்களில் காரீயம் கூடாது என்று வலியுறுத்தியது. இன்று காரீயமின்றியே வெயிலைத் தாங்கும் பிஸ்மத் வனடேட், நிக்கல் டைட்டனேட் போன்ற மஞ்சள்கள் உள்ளன. விலைதான் கூடுதல். மலிவு கேட்பவருக்கு, ஒன்று வெளுக்கும் மஞ்சள் கிடைக்கும். அல்லது, கேட்டறியாவிடின், வேறு கேடுள்ள மஞ்சளும் கிடைக்கலாம்.

சிவப்பின் நிலையும் இதுவே. காவிக்கல்லின் சிவப்பான இரும்பு ஆக்சைடு வெயிலுக்கு அசையாது, ஆனால் அதன் நிறம் மங்கல். எடுப்பான சிவப்புக்கு 1958இல் சந்தைக்கு வந்த குவினாக்ரிடோன் போன்றவை வேண்டும். மலிவான கரிமச் சிவப்புகள் பல வெளிறிப்போகும். வெண்மை கலந்து மென்மையாக்கிய நிறம் இன்னும் விரைவில் வெளிறும். நிறமியின் அளவு அங்கே குறைவாயிருப்பதே காரணம்.

வெண்மாவும் கரியும்

இருக்கையிலிருந்து பிள்ளைகளின் உடையில் ஒட்டிய மாவு எது? பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு சிதைந்து உதிரும்போது, உள்ளே கலந்திருந்த வெண்பொடிகள் வெளிப்படுகின்றன. சுண்ணாம்புப் பொடியும் டைட்டானியம் டைஆக்சைடும் அவற்றுள் முதன்மையானவை. பிந்தியதன் மூலப்பொருள்களுள் ஒன்றான இல்மனைட் நமக்கு அயலானதன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும், பேராக்கின் வெள்ளீயச் சுரங்கங்கள் கழித்த மணலிலும் அது உண்டு. இவ்வெண்பொடியில் அனடேஸ், ரூட்டைல் என இரு வகை. அனடேஸ் வெயில் பட்டால் தன்னைச் சூழ்ந்த பிளாஸ்டிக்கைத் தானே அரிக்கத் தூண்டும். ரூட்டைல் மணிகளுக்குச் சிலிக்கா, அலுமினா இவற்றால் மெல்லிய போர்வை இட்டால் அக்கேடு பெரிதும் அடங்கும். வெளியில் வைக்கும் பொருளுக்கு வேண்டியது போர்வையிட்ட ரூட்டைலே.

வெயிலைத் தடுப்பதில் எல்லாவற்றையும் விஞ்சியது கரிப்பொடி. கார் டயர் கருமையாய் இருப்பதற்குக் காரணம் இதுவே. அது ரப்பருக்கு வலிமையும் தருகிறது, புறஊதாக் கதிரையும் விழுங்குகிறது. ஆனால் புல்லையும் இருக்கையையும் கறுப்பாக்க இயலாதே. அதனால் வண்ணப் பிளாஸ்டிக்குக்கு வேறு காவலர்களைச் சேர்க்கிறார்கள். கதிரை விழுங்கி வெப்பமாக மாற்றிவிடுவது ஒரு வகை. அறுந்த முனைகளைப் பிடித்து அடக்கிவிட்டுத் தாமும் மீண்டும் பணிக்குத் திரும்புவது மற்றொரு வகை. ஹால்ஸ் என்று தொழிலில் சுருக்கமாக வழங்கும் இப்பொருள்கள் 1970களிலிருந்து பயனுக்கு வந்தன. நிறமியையும் இக்காவலர்களையும் செறிவாகக் கலந்த சிறு மணிகளை மாஸ்டர்பேட்ச் என்பர். உருகிய பிளாஸ்டிக்கில் அவற்றைச் சிறு விழுக்காடு சேர்த்து இழை இழுப்பர். விற்பவர் மிச்சம் பிடிக்கும் இடமும் பெரும்பாலும் இதுவே. காவலரைக் குறைத்தாலும் முதல் நாளில் புல் பச்சையாகத்தான் தோன்றும்.

பத்துமலையின் 272 படிகளுக்கு 2018ஆம் ஆண்டு வானவில் போல வண்ணம் பூசியதை நாம் அறிவோம். அங்கே நிறம் மேற்பூச்சு. மங்கினால் மீண்டும் பூசலாம். புல்லிழையின் நிறமோ உள்ளே கலந்தது. வெளுத்தபின் அதனைத் திருத்த வழியில்லை. மேலும், நிறம் வெளுப்பதை இழை நலிவதன் முன்னறிவிப்பாகவும் கொள்ளவேண்டும். நலிந்த இழை முறிந்து நுண்துகளாகி வடிகாலில் கலக்கும். திடலில் தூவும் ரப்பர்த் துகள் போன்ற பிளாஸ்டிக் நுண்துகள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை விதித்து, மாறிக்கொள்ள எட்டாண்டுக் கெடுவும் கொடுத்திருப்பது இக்கவலையால்தான்.

பள்ளிகள் கேட்கவேண்டியவை

நிறத்தின் உறுதியை அளக்க எட்டுப் படிகள் கொண்ட நீலக் கம்பளி அளவுகோல் ஒன்றுண்டு. எட்டுத் துண்டுகளில் முதலாவது விரைவில் வெளுக்கும், எட்டாவது நெடுநாள் தாங்கும். அவற்றோடு பொருளை வைத்துச் சோதிப்பர். நிற மாற்றத்தின் அளவைச் சாம்பல்நிற அளவுகோலால் 5 முதல் 1 வரை மதிப்பிடுவர். 5 என்றால் மாற்றமில்லை. செனான் விளக்கின் முன் பல நூறு மணி நேரம் வைத்து வெயிலைப் போலிசெய்வதும் உண்டு.

ஆகவே வாங்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்போமாக. நிறத்தின் உறுதி எந்தப் படி? வெயிற்சோதனை எத்தனை மணி நேரம், அதன்பின் இழையின் வலிமை எவ்வளவு எஞ்சியது? காரீயம் இல்லை என்பதற்குச் சான்று உண்டா? உறுதிமொழி நிறத்திற்கும் சேர்த்தா, கிழிவதற்கு மட்டுமா? நாங்கள் கடைசிக் கேள்வியைக் கேட்கவில்லை. தாளை எடுத்துப் பார்த்தபோது, நிறம் மாறுவது உறுதிமொழியில் சேராது என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர் நாங்களே அன்றோ? குற்றத்தில் பாதி எங்களுடையது.

சான்றுத்தாள் கிடைக்காத இடத்தில் மாணவர்களே சோதனை செய்யலாம். மாதிரித் துண்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, கூரைமேல் மூன்று மாதம் கிடத்துக. பிறகு தாளை நீக்கி இரு பாதிகளையும் ஒப்பிடுக. விரலால் தேய்த்து மாவு ஒட்டுகிறதா என்று காண்க. இழையை மடித்து முறிகிறதா என்று நோக்குக. எங்கள் பள்ளியில் இவ்வாண்டு மூவரிடம் மாதிரி வாங்கி, இவ்வாறே மூன்று மாதம் வைத்தோம். ஒன்று தெளிவாக நீலம் பாய்ந்தது. மற்றொன்று சற்றே மங்கியது. மூன்றாவதில் மூடிய பாதி எது, திறந்த பாதி எது என்று என் கண்ணுக்குப் பிரித்தறிய இயலவில்லை. அதன் விலை மற்றவற்றைவிடக் கூடுதல்.

சங்கக் கூட்டத்தில் துண்டுகளை மேசைமேல் வைத்து விளக்கியவள் முதற்கேள்வி கேட்ட அம்மாணவியே. அவள் இப்போது ஐந்தாம் ஆண்டில் பயில்கிறாள். பால்வெட்டிப் பிள்ளை வளர்த்த பாட்டி ஒருவர் எழுந்து, “அப்ப எடத்தைக் கொறைச்சுக்கிட்டு நல்லதையே வாங்குங்க” என்றார். அவ்வாறே முடிவாயிற்று. சேறாகும் மூலைக்கு மட்டும் செயற்கைப் புல். எஞ்சிய இடத்தில் உண்மைப் புல்லை நட்டிருக்கிறோம். தன் பச்சையை அது தானே செய்துகொள்ளும்.